தனிமையில் இருக்கும் முதியவர்களுக்கு உதவ நர்சிங் மாணவர்களைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களுக்கு கம்யூனிட்டி போஸ்டிங் (ஊர்களில் செய்யும் களப்பயிற்சி) போகும் மாணவர்களும், அவர்களைக் கூட்டிப்போகும் டியூட்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். முன்பே பதில் சொன்ன விஷயம் மறுபடி வந்தால் அந்தக் கேள்வியைச் சுட்டியிருக்கிறோம், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. வயசானவங்ககிட்ட உக்காந்து பேசறதுக்குக்கூடவா பயிற்சி? மனசு இருந்தா தானா வராதா?

மனசு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பயிற்சி இல்லாமல் போகும் மாணவி வீட்டுக்குள் நுழைந்ததும் பி.பி. பட்டையைச் சுற்றுவார், "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்பார், பெரியவர் ஏதாவது வருத்தமாகச் சொன்னால் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்பார். எதிலும் தப்பான எண்ணம் இல்லை. ஆனாலும் பெரியவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார். பட்டையைப் பார்த்ததும் "இது ஆஸ்பத்திரி விஷயம்" என்று முடிவு செய்து முழங்கால் வலியை மட்டும் சொல்வார். "சரியாயிடும்" என்ற சொல்லுக்குப் பிறகு அவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

இதை ஒரு கூடுதல் கருணைச் செயலாக நினைக்க வேண்டாம், இது சுகாதார வேலை. நீண்டகாலத் தனிமை இதயநோய், பக்கவாதம், மனச்சோர்வு, மறதிநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று 2023-ல் ஓர் ஆணையத்தை அமைத்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று 2025-ல் வந்த அதன் அறிக்கை சொல்கிறது.

2. மகன், மருமக, பேரன்னு வீடு நிறைய ஆளு. அவங்களை எப்படி தனிமைன்னு சொல்றது?

தனியாக வசிப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கும், திருப்பூருக்குத் தையலுக்கும் போய்விட, ஊரில் ஒண்டியாக இருந்தாலும் மாட்டைக் கட்டி, பால் சொசைட்டிக்குப் போய், நாலு பேரோடு பேசி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆறு பேர் இருக்கும் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு திண்ணைக்கு வருவதைத் தவிர வேறு பேச்சே இல்லாதவர்களும் உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று லாக் புக்கில் எழுதினால் தனியாக வசிக்கிறாரா என்பதுதான் தெரியும், தனிமையை உணர்கிறாரா என்பது தெரியாது.

3. மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? சிலபஸ்ல இதுக்குன்னு தனி மணி நேரம் இல்லையே?

பி.எஸ்சி. நர்சிங்கில் ஐந்தாம், ஏழாம் செமஸ்டர்களில் கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங் வருகிறது. அந்தப் போஸ்டிங்கின் வீட்டுச் சந்திப்புகளுக்குள்ளேயே இதை வைக்கலாம். களத்துக்குப் போகும் முன் இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு வகுப்புகள், பிறகு ஒரே வீட்டுக்கு எட்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வாரம் ஒன்று சிறந்தது. போஸ்டிங் குறுகியது என்றால் வாரம் இரண்டு. எண்ணிக்கையைவிட அதே இரண்டு மாணவர்கள், அதே கிழமை, அதே நேரம் என்பது முக்கியம். ஒவ்வொரு முறையும் புது முகம் வந்தால் பெரியவர் முதல் நாள் கதையையே எட்டு தடவை சொல்வார்.

முதல் வகுப்பு கேட்கும் பழக்கத்துக்கு. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் பெரியவர், ஒருவர் மாணவி, ஒருவர் கவனிப்பவர். எட்டு நிமிடம் பேச்சு. எத்தனை இடத்தில் குறுக்கே பேசினார், எத்தனை அறிவுரை சொன்னார், பெரியவர் நிறுத்தியபின் எவ்வளவு நேரம் பொறுத்தார் என்று கவனிப்பவர் குறிப்பார். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் மூன்றிலேயே பேசிவிடுவார்கள். அதைத் தங்கள் கண்ணால் பார்ப்பதுதான் பாடம்.

இரண்டாம் வகுப்பில் முதுமையை உடம்பில் உணரவைப்பது. காதில் பஞ்சு, கண்ணாடியில் லேசாக வாசலின், விரல் மூட்டுகளில் பிளாஸ்திரி, செருப்புக்குள் கொஞ்சம் துவரம்பருப்பு. இந்த நிலையில் இருபது நிமிடத்தில் பேங்க்கில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பி, மாத்திரை அட்டையைப் பிரித்து, ஒரு மாடி ஏறி இறங்கவேண்டும். மாடியில் கூட ஒருவர் கைப்பிடித்து நடக்கவேண்டும், விழுந்துவிடக் கூடாது. முடிந்ததும் அதே அளவு நேரம் உட்கார்ந்து பேசாவிட்டால் இது வெறும் விளையாட்டாகப் போய்விடும். மூன்றாவது வகுப்பு அளவுகோல்களுக்கும் ஆபத்து அறிகுறிகளுக்கும், நான்காவது விடைபெறுவதற்கும். விடைபெறுவதைக் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடாதீர்கள். காரணம் கேள்வி 13-ல்.

4. முதல் நாள் உள்ள போனதும் என்னதான் கேக்கறது? "தனிமையா இருக்கா?"ன்னு கேட்டா "அதெல்லாம் இல்ல"ன்னுடறாங்க.

அப்படிக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ஆமாம் என்றால் பிள்ளைகளைக் குறை சொன்னதாக ஆகும், ஊருக்குத் தெரிந்துவிடும். நேரடியாகக் கேட்காமல் அன்றாடத்தைக் கேளுங்கள். "நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் யார் யார்கிட்ட பேசினீங்க?" "உடம்புக்கு முடியலன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?" "முன்னாடி போயிட்டிருந்து இப்ப போகாத இடம் எது?" மூன்றாவது கேள்விதான் அதிகம் தரும். சந்தை, கோயில், தங்கச்சி வீடு, டீக்கடை என்று ஏதோ ஓர் இடம் வரும். ஏன் நின்றது என்பதில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

பி.பி. பட்டை கடைசி பத்து நிமிடத்துக்கு. அளவும் அப்போதுதான் சரியாக வரும், ஏனென்றால் சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் எடுப்பதே முறை. அவர் எதிரே நோட்டை விரித்து எழுதாதீர்கள். ஒருவர் பேச, மற்றவர் கவனித்து, வெளியே வந்து அரை மணி நேரத்துக்குள் எழுதிவிடவேண்டும். பால் கறக்கும் நேரமும் சந்தை நாளும் தவிர்க்கவேண்டியவை.

5. ஸ்கேல் வச்சு அளக்கணுமா, பார்த்தாலே தெரியாதா?

பார்த்தால் தெரியாது. கலகலப்பாகப் பேசுகிறவர் சிலர் அதிக மதிப்பெண்ணில் வருவார்கள். மூன்று கேள்வி கொண்ட யு.சி.எல்.ஏ. தனிமை அளவுகோல் களத்துக்குப் போதும்: பேச்சுத்துணை இல்லை என்று, ஒதுக்கப்பட்டதாக, மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பவை அவை. அரிதாக என்றால் 1, சில சமயம் 2, அடிக்கடி 3. மொத்தம் 3-லிருந்து 9 வரை வரும். 6-ம் அதற்கு மேலும் தனிமை என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இதை முதல் நாள் போடாதீர்கள். பக்கத்தில் மருமகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் எல்லாவற்றுக்கும் 1-தான் வரும். மூன்றாம் சந்திப்பில், ஆள் இல்லாத நேரத்தில் கேட்டு, எட்டாம் சந்திப்பில் மறுபடி கேளுங்கள். கேஸ் ஸ்டடிக்குப் பேச்சு வழக்கில் கேட்கலாம். ஆய்வுக்கு என்றால் மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவத்தைத்தான் எடுக்கவேண்டும்.

6. கத்திக் கத்திப் பேசி தொண்டை போயிடுது. அவங்களுக்குக் காது கேக்கல, என்ன பண்றது?

கத்துவதை நிறுத்துங்கள். முதுமையில் முதலில் போவது உச்சக் குரலைக் கேட்கும் திறன், கத்தும்போது குரல் உச்சத்துக்கே போகிறது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, கைநீட்டும் தூரத்தில், நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து, தணிந்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். புரியாத வாக்கியத்தையே திருப்பிச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பல பேருக்குப் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அடைப்பு இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்கும் திறன் சோதனை, பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதொலிக் கருவிக்கு விண்ணப்பம். கருவி வாங்கியும் பெட்டியிலேயே கிடந்தால் பேட்டரியையும், காதில் பொருந்தும் அச்சு வலிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

7. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பாதிப் பேருக்குத் தெலுங்கு, கன்னடம்தான் சரளமா வருது. எங்க பசங்களுக்கு அது வராதே?

வீடு ஒதுக்கும்போதே மொழி பார்த்து ஒதுக்குங்கள். இந்த மாவட்டத்து மாணவர்களில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். ஆள் கிடைக்காத வீட்டுக்கு அங்கன்வாடிப் பணியாளரையோ மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரையோ துணைக்குக் கூப்பிடலாம். வீட்டுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவன் எதிரே பாட்டி தன் வருத்தத்தைச் சொல்லமாட்டார்.

கூப்பிடும் முறையும் அப்படியே. தர்மபுரிப் பக்கம் ஆயா, தெலுங்கு வீட்டில் அவ்வா, கன்னட வீட்டில் அஜ்ஜி என்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. தெரியாவிட்டால் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று அவரையே கேட்டுவிடலாம்.

8. "எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு"ன்னு கேக்கறாங்க. சாதியைத்தான் கேக்கறாங்கன்னு தெரியுது. என்ன சொல்றது?

ஊர்ப் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். மறுபடி கேட்டால், "காலேஜ்ல அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குங்க ஆயா" என்று டியூட்டர் மீது பாரத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள். உண்மையிலேயே அப்படி ஒரு விதியை வைத்துவிடுங்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு தெருவில் குடித்துவிட்டு அடுத்த தெருவில் வேண்டாம் என்றால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். மாணவியை வாசலோடு நிறுத்தினால், அவரை அந்த அவமானத்தோடு தனியாக விடாமல் டியூட்டர் அன்றே நேரில் போய்ப் பேசவேண்டும். சரிவராவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடலாம். சாதி பார்த்து வேறு மாணவியை மாற்றி அனுப்புவதை மட்டும் செய்யக் கூடாது.

9. "மூட்டுவலி, அதான் வெளிய போறதில்ல"ங்கறாங்க. இதுல நாங்க என்ன பண்ண முடியும்?

இந்த இரண்டு மாவட்டங்களில் இதைச் சாதாரண முதுமை வலி என்று தள்ளிவிடக் கூடாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல வருடம் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவர்களுக்கு எலும்பு ஃபுளோரோசிஸ் வந்து முதுகும் கழுத்தும் இடுப்பும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். ஆனால் அதற்கு முன் எலும்பில் சேர்ந்தது எளிதில் போகாது. குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் வந்தும் போர் தண்ணீரையே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளரிடம் பெயரைக் கொடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டம் அது, இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

வலிக்குப் பின்னால் சொல்லாத காரணம் ஒன்று ஒளிந்திருக்கலாம். சிறுநீரை அடக்க முடியாதவர் பஸ் ஏறமாட்டார், "மூட்டுவலி" என்றுதான் சொல்வார். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். சந்தை நாளில் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், மாணவி தானாக மாற்றிச் சொல்லக் கூடாது. விழுந்துவிடுவோம் என்ற பயமும் அப்படித்தான். எழுந்து நின்றதும் பி.பி. இறங்குகிறதா என்று பாருங்கள்: படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு பி.பி., எழுந்து நின்ற 1-ம், 3-ம் நிமிடங்களில் ஒவ்வொன்று. மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ குறைந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

10. இது தனிமையா, டிப்ரஷனா, மறதிநோயா? எப்படிப் பிரிக்கறது?

நோயை முடிவு செய்வது மாணவர் வேலை அல்ல, யாரை எவ்வளவு அவசரமாக அனுப்புவது என்பதே வேலை. தனிமையில் இருப்பவர் ஆள் வந்ததும் மலர்வார். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஆள் வந்தாலும் எதிலும் ருசி இராது, தூக்கமும் பசியும் கெட்டிருக்கும். பதினைந்து கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் 5-க்குக் குறையாமல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம், எல்லாம் ஆம், இல்லை பதில்கள்தான். மறதிநோய் மாதக் கணக்கில் மெல்ல வரும்.

ஒன்றை மட்டும் அன்றைக்கே அனுப்பவேண்டும். போன வாரம் பேசியவர் இரண்டே நாளில் ஒடுங்கிப்போய், மந்தமாக, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினால் அது சோகம் அல்ல, டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பு சொன்னவர் இன்று தடுமாறினால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சுகர் இறக்கம், புது மாத்திரை என்று ஏதோ உடல் காரணம் இருக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் சொன்னாலும் விடாதீர்கள்.

11. "சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா தேவலை"ன்னு சொல்றாங்க. எல்லா வயசானவங்களும் சொல்றதுதானே?

பலரும் சொல்வதுதான். அதனால்தான் யார் உண்மையாகச் சொல்கிறார் என்று கேட்டே தெரிந்துகொள்ளவேண்டும். "அப்படி நினைக்கும்போது நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இல்லை என்றால் டியூட்டரிடம் சொல்லி, அடுத்த சந்திப்பிலும் கேளுங்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தாலோ, ஒருவர் அவருடனேயே இருக்க மற்றவர் டியூட்டரைக் கூப்பிடவேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், உடனடி ஆபத்து என்றால் 108. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும் இதில் ரகசியம் கிடையாது. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லி வைத்துவிட்டால் மாணவி வாக்குத் தவறியவர் ஆகமாட்டார்.

12. அடிக்கறாங்க, பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கறாங்கன்னு தெரிஞ்சா? நாங்க தலையிட்டா அவங்களுக்குத்தானே கஷ்டம்?

அந்தப் பயம் நியாயமானது. மாணவி மகனிடம் சண்டைக்குப் போகக் கூடாது, நீங்கள் கிளம்பியபின் அந்த வீட்டில் இருக்கப்போவது பெரியவர்தான். பார்த்ததை, கேட்டதை அவர் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி அன்றே டியூட்டரிடம் கொடுங்கள். அதற்குமேல் கிராம சுகாதார செவிலியர், மாவட்டச் சமூகநல அலுவலகம். முதியோர் உதவி எண் 14567. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 60 வயதானவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் ரத்து செய்யவும் வழி உண்டு. இதைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள், உயிருக்கு ஆபத்து இல்லாதவரை அது அவர் உரிமை.

13. போஸ்டிங் முடிஞ்சு நாங்க போயிட்டா அவங்களுக்கு இன்னும் கஷ்டமா ஆயிடாதா?

சரியாகச் செய்யாவிட்டால் ஆகும். இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான பதில் இதுதான். மாணவி பேத்தியாக மாறுவது நோக்கம் அல்ல. எட்டு வாரம் அன்பாக வந்து திடீரென்று நின்றுபோனால், ஏற்கனவே பிள்ளைகளை வழியனுப்பியவருக்கு அது இன்னொரு பிரிவு. மாணவி போனபின்னும் அந்த ஊரிலேயே இருக்கப்போகிற ஒரு தொடர்பை உயிர்ப்பிப்பதுதான் நோக்கம்.

இரண்டாம் சந்திப்பில் உறவு வரைபடம் ஒன்று போடுங்கள். நடுவில் பெரியவர். சுற்றிலும் மகன், தங்கை, பக்கத்து வீடு, ரேஷன் கடை, பால் சொசைட்டி, கோயில், மசூதி, சர்ச், டீக்கடை, தன்னார்வலர். இப்போது இருக்கும் தொடர்புக்கு முழுக்கோடு, தளர்ந்ததற்குப் புள்ளிக்கோடு, அறுந்ததற்கு வெட்டுக்கோடு. சரிசெய்யக்கூடிய ஒரே ஒரு கோட்டை மட்டும் எடுங்கள், நாலைந்தை எடுத்தால் எதுவும் நடக்காது. சில சமயம் காரணம் சின்னது. ரீசார்ஜ் தீர்ந்து இன்கமிங் நின்றிருக்கும், மகன் கூப்பிடவில்லை என்று ஆறு மாதம் மனத்தாங்கல் நடந்திருக்கும். பட்டன் போனில் ஒரே எண்ணை அழுத்தினால் மகனுக்குப் போகும்படி வைத்து, ஞாயிறு ராத்திரி எட்டு மணி என்று நேரமும் பேசிவைத்தால் ஒரு கோடு சரியாகிவிடும்.

காரணம் மனசில் இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். "நான் போனா பாரம்னு நினைப்பாங்க" என்பவரை "சும்மா போங்க ஆயா" என்று தள்ளினால் போகமாட்டார். தனிமைக்கான உதவிகளை ஒப்பிட்டு 2011-ல் வெளிவந்த தொகுப்பாய்வில், கூட்டம் கூட்டுவதைவிட இப்படிப்பட்ட எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க உதவுவதே அதிகப் பலன் தந்தது. "கடைசியா போனப்ப அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். பிறகு கைவேலையோடு போகும் ஒரு சாக்கு கண்டுபிடியுங்கள். மாசி, பங்குனியில் புளி தட்டும் திண்ணை இதற்கு மிகவும் ஏற்றது, உட்கார்ந்து கொட்டை எடுத்தபடியே பேசலாம். கணவரை இழந்த பெண்களிடம் "விசேஷங்களுக்குப் போங்க" என்று சொல்லிவிடாதீர்கள், எங்கே எப்படி ஒதுக்கப்பட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் பேசமாட்டார்கள். மாட்டுக்குத் தீனி போடும்போது பக்கத்தில் நின்று மழையையும் மாங்காய் விலையையும் கேட்டால் பேச்சு வரும்.

விடைபெறுவது முதல் நாளே தொடங்கவேண்டும்: "மொத்தம் எட்டு தடவை வருவோம்." ஐந்தாவதில் "இன்னும் மூணு தடவை" என்று நினைவூட்டுங்கள். ஆறாவதில் யார் அந்தக் கோட்டைத் தொடர்வார் என்று பேசி, ஏழாவதில் அவரையே கூட்டிப் போங்கள். எட்டாவதில் "அடிக்கடி வந்து பார்க்கறோம்" என்று சொல்லாதீர்கள். வரமுடியாது என்று உங்களுக்கே தெரியும். அவர் காத்திருப்பார்.

14. காசு கொடுக்கறாங்க, பூசணிக்காய் கொடுக்கறாங்க, போன் நம்பர் கேக்கறாங்க. வாங்கலாமா?

காசும் நகையும் கூடாது. தோட்டத்தில் விளைந்ததை ஒருமுறை வாங்கி டியூட்டரிடம் சொல்லிவிடுங்கள், மறுத்தால் மனம் புண்படும். சொந்த எண்ணுக்குப் பதில் கல்லூரியின் எண். வீட்டில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது, அவர் சரி என்றாலும். தனியாக இருக்கும் ஆண் வீட்டில் இருவராக, திண்ணையில், கதவு திறந்தபடி.

15. மாணவிகளே அழுதுட்டு வராங்க. இவங்களை எப்படிப் பார்த்துக்கறது?

ஒவ்வொரு சந்திப்பு நாளிலும் பஸ் ஏறும்முன் பதினைந்து நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். என்ன நடந்தது, எது மனசில் நிற்கிறது, அடுத்த தடவை என்ன என்று மட்டும் கேளுங்கள். ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள் இவர்கள், சொந்தப் பாட்டி நினைவு வரும். சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த மாணவியை இதில் சேர்க்குமுன் தனியாகக் கேளுங்கள்.

16. மார்க் எதுக்குப் போடறது? ஸ்கோர் குறைஞ்சாதான் பாஸா?

இல்லை. அப்படி வைத்தால் எட்டாம் சந்திப்பில் எல்லோருக்கும் 3 என்று வந்துவிடும். உறவு வரைபடத்தின் தரம், தேர்ந்தெடுத்த கோட்டுக்குச் சொன்ன காரணம், கேள்வி 10, 11-ல் சொன்ன அறிகுறிகளைச் சரியான நேரத்தில் தெரிவித்தது, விடைபெற்ற விதம் இவற்றுக்கு மதிப்பெண் போடுங்கள். கோடு சேரவில்லை என்றாலும் ஏன் சேரவில்லை என்று நன்றாக எழுதியவர் முழு மதிப்பெண் வாங்கலாம்.

17. அடுத்த பேட்ச் அதே வீட்டுக்குப் போகலாமா?

பெரியவர் சம்மதித்தால் போகலாம். பழைய இருவரின் கடைசிச் சந்திப்பில் புதிய இருவரும் கூடப் போகவேண்டும். கையில் ஒரே ஒரு பக்கம் போதும்: கூப்பிடும் முறை, நன்றாகக் கேட்கும் காது எது, போகக் கூடாத நேரம், சேர்த்துவைத்த கோடு, அதைத் தொடர்பவர் பெயர். குடும்ப ரகசியங்கள் அந்தப் பக்கத்தில் வேண்டாம். புதியவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் கோடு இன்னும் நிற்கிறதா என்பதை. அறுந்திருந்தால் வேறொன்றைத் தேடுமுன் கேள்வி 6-லும் 9-லும் உள்ள உடல் காரணங்களை மறுபடி ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும்.